ராண்டில்மேனில் ஒரு வாரம்: எங்கள் வீட்டு நன்றி மடல்

நண்பர்களுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் மகன் ஒரு வாரம் எங்களை விட்டுத் தனியாக இருந்துவிட்டு வந்தான். பதினோரு வயதுப் பையன் முகாமுக்குப் போனதற்கெல்லாம் ஒரு மடலா என்று தோன்றலாம். அவனுக்கு ஹீமோபிலியா. அடிபட்டால் ரத்தம் சரியாக உறையாது. வெளியே வழிவதைவிட மூட்டுக்குள் கசிவதுதான் பயம். ஒன்றுவிட்டு ஒரு நாள் நரம்பில் ஃபேக்டர் 8 என்ற, ரத்தம் உறைய உதவும் மருந்தை ஏற்ற வேண்டும். எங்கள் வீட்டில் அவன் பெயரைவிட அதிகம் ஒலித்த வார்த்தை ‘ஓடாதே’. இதற்கு முன் ஒரு கோடை வகுப்பில் பணம் கட்டி, பை தைத்து, கடைசியில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது கிடக்கட்டும்.

முதல் நன்றி கிளினிக் நர்ஸ் அம்மாவுக்கு. “விக்டரி ஜங்ஷன்னு ஒரு முகாம், இதே வட கரோலினாவில் ராண்டில்மேன்தான். காசு கிடையாது” என்று விண்ணப்பத்தைக் கையில் திணித்தவர் அவர். காசு வாங்காத இடம் என்றதும் என் மனைவிக்குச் சந்தேகம் இன்னும் கூடியதுதான் மிச்சம்.

அதைத் தீர்த்தவர் எதிர் வீட்டுப் பெரியவர். வட்டப் பாதையில் சுற்றும் ஸ்டாக் கார் பந்தயம் என்றால் அவருக்கு உயிர். இடப்பக்கமே திரும்பித் திரும்பிச் சுற்றுவதில் என்ன இருக்கிறது என்று அவரைக் கிண்டல் செய்தவன் நான். முகாம் பேரைச் சொன்னதும் மனிதர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அந்த முகாமுக்குக் காரணமான ஆடம் பெட்டி என்ற இளம் பந்தய வீரனின் கதையைச் சொன்னார்.

கொள்ளுத்தாத்தா லீ பெட்டி, டேடோனா 500 என்ற புகழ்பெற்ற பந்தயம் 1959ல் முதன்முதலாக நடந்தபோது வென்றவர். தாத்தா ரிச்சர்ட், 200 வெற்றி, 7 சாம்பியன் பட்டம். அப்பா கைல். நான்காம் தலைமுறையாக வந்த ஆடம், 1998ல் ஷார்லட்டில் ஆர்க்கா என்ற, கீழ்ப்படித் தொடரின் பந்தயம் ஒன்றை 18 வயதில் ஜெயித்தான். கார் எண் 45. 2000 ஏப்ரல் 2ஆம் தேதி டெக்சஸில், உச்சத் தொடரான வின்ஸ்டன் கப்பில் முதல் பந்தயம். எஞ்சின் போய் 40ஆவது இடம். மூன்றே நாளில் கொள்ளுத்தாத்தா இறந்தார். மே 12ஆம் தேதி நியூ ஹாம்ப்ஷயரில் பயிற்சி ஓட்டத்தில் ஆடமின் கார் சுவரில் மோதியது. ஆக்சிலேட்டர் மாட்டிக்கொண்டிருக்கலாம் என்கிறார்கள். 19 வயது. கப் பந்தயம் அந்த ஒன்றே ஒன்றுதான்.

ஆனால் அதற்கு முன்பே ஃப்ளோரிடாவில் நோயுற்ற குழந்தைகளுக்கான போகி கிரீக் முகாமைப் பார்த்துவிட்டு, நம் ஊரிலும் இப்படி ஒன்று வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருந்தானாம். தாத்தாவும் பாட்டியும் நிலம் கொடுக்க, அப்பாவும் அம்மாவும் முன்னின்று கட்ட, 2004ல் திறந்தது விக்டரி ஜங்ஷன். மகன் இறந்த பிறகு கைல் பல வருஷம் அவனுடைய 45ஆம் எண்ணிலேயே ஓட்டினார். நான் அந்த இடத்தில் இருந்தால் காரைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். அந்தக் குடும்பத்துக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல்தான் இதைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முகாமில் எல்லாவற்றுக்கும் கார் பந்தயப் பெயர்தான். சாப்பிடும் இடம் ‘ஃபியூயல் ஸ்டாப்’. மருத்துவமனைக்குப் பெயர் ‘பாடி ஷாப்’. நம் ஊரில் சொன்னால் டிங்கர் பட்டறை! “அப்பா, பட்டறைக்குப் போய்த்தான் ஊசி” என்றான் பையன், ஏதோ சர்க்கஸுக்குப் போன மாதிரி. அங்கிருந்த தாதியருக்கும் தன்னார்வலர்களுக்கும் அடுத்த நன்றி. அவர்களில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

திரும்பிய மறுநாள் சமையலறை மேஜையில் டவலை விரித்தான். ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்து இறுக்கினான். முதல் குத்தில் நரம்பு கிடைக்கவில்லை. என் மனைவி சேலை முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றாள். இரண்டாவது குத்தில் குழாயில் சிவப்பு ஏறியது. “ம், வந்துடுச்சு” என்று அவனே சொல்லிக்கொண்டான். ஆறு வருஷமாக நான் செய்த வேலை அது.

அந்த வாரம் எங்களுக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்து, “போன் பண்ணாதீங்க, பையன் நல்லா இருப்பான்” என்று தடுத்துவைத்த தமிழ்க் குடும்பங்களுக்கும் நன்றி. உங்கள் சாம்பார் பாத்திரங்கள் இரண்டு இன்னும் எங்களிடம்தான் இருக்கின்றன.

அடுத்த சனிக்கிழமை பெரியவர் பையனைப் பெட்டி குடும்பத்தின் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகிறார். நானும் வருகிறேன் என்றேன். மருந்துப் பெட்டியை அவனே தூக்கிக்கொள்வானாம், நான் வேண்டாமாம்.