இறங்கும்போது இரண்டாவது கியர்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. அக்கா போன வாரம் வந்து போனாள்.

அப்புறம், நீ கார் வாங்கியிருப்பதாகக் கேள்வி. நல்ல நிறம் என்றார்கள். நம் பூக்கடைக்காரர் உன்னைக் காட்ரோட்டில் டீ குடிக்கும்போது பார்த்திருக்கிறார். கொடைக்கானல் மலைக்குப் போகிறவர்கள் அங்கே நிற்பது வழக்கம்தான். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. ரோட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஏறுவதை யார் வேண்டுமானாலும் ஏறிவிடலாம். இறங்கும்போதுதான் கவனம். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. இரண்டாவது கியர். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டம்டம் பாறைக்குள் கருகல் வாசனை வந்துவிடும். அதற்கப்புறம் மிதித்தால் வண்டி நிற்காது. எலிவால் அருவியைப் பார்க்க வேண்டுமா, ஓரங்கட்டி இறங்கிப் பார். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடு. பெருமாள்மலையில் மஞ்சு இறங்கினால் ஹை பீம் போடாதே, வெளிச்சம் உன் கண்ணிலேயே திருப்பி அடிக்கும். 26 வருஷம் அந்த ரோட்டில் பஸ் ஓட்டியிருக்கிறேன், ஒரு கீறல் கிடையாது. இதையெல்லாம் கேட்க இப்போது யாருக்கு நேரம்? நம் வத்தலக்குண்டு வழியாகப் போகிறவர்களுக்கே நேரமில்லை.

இ-பாஸ் எடுத்துத்தானே போனாய்? 2024 மே மாதத்திலிருந்து அது இல்லாமல் விடுவதில்லை.

அப்சர்வேட்டரிக்கும் போயிருப்பாய். ஏழாம் வகுப்பில் எனக்கு ஒப்பித்தவன் ஆயிற்றே. தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகுதான் மழைக்கும் சூரியனுக்கும் சம்பந்தம் உண்டா என்று பார்க்க வெள்ளைக்காரனுக்குத் தோன்றியது, 1899-இல் கொடைக்கானலில் ஆய்வகம் வந்தது, 1909-இல் எவர்ஷெட் என்பவர் சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். மூச்சு விடாமல் சொன்னாய். டெப்போவில் எல்லோரிடமும் பெருமையடித்தேன். உன்னிடம், போய்க் கணக்கைப் போடு என்றேன்.

அந்த வருஷம் பரீட்சை லீவில் உன்னை டிரிப்பில் கூட்டிப் போனேனே. எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே, இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாய். அங்கே சூரியனின் உருவத்தைத் திரையில் விழவைத்துக் காட்டுவார்களாம், கேட்பதற்குக் கேள்விகளை எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தாய். வண்டி திரும்ப எடுக்க இரண்டரை மணி நேரம் இருந்தது. ஆட்டோவில் போனால் கொஞ்ச தூரம். அந்த மேட்டில் மஞ்சு மூடிவிட்டதாம், இன்றைக்குக் காட்ட மாட்டார்கள் என்று சொன்னேன்.

ஓய்வறையில் சீட்டாட ஒரு ஆள் குறைந்தது, தம்பி. அவ்வளவுதான் காரணம்.

நீ வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாய். நடுவில் ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். சிமெண்டுத் தரையில் உன் நிழல் கத்தரித்து ஒட்டியது மாதிரி கறுப்பாக விழுந்திருந்தது. மேலே ஒரு பொட்டு மேகம் இல்லை. உனக்கும் தெரிந்திருக்கும். இறங்கி வரும்போது நீ ஒரு வார்த்தை பேசவில்லை. வாந்தி வருகிறதா என்று கேட்டேன், இல்லை என்றாய்.

சரி. டயரில் காற்றுப் பார்த்துக்கொள். இறங்கும்போது இரண்டாவது கியர், மறந்துவிடாதே. வாசல் கேட்டைப் பெயர்த்து ஓரடி அகலமாக்கியிருக்கிறேன். கார் உள்ளே வரும்.

அப்பா