செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. நூலகத்துக்கு ஓர் அலமாரி வாங்கப்பட்டது. செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாள் எளிய முறையில் நடந்தேறியது.

முதியோர் மாலை வகுப்பைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். முதல் வகுப்புப் பாடப் புத்தகத்தை ஒதுக்கிவிட்டு, கற்பவர்கள் கொண்டுவரும் தாள்களையே பாடமாக்கலாம் என்று முன்மொழிந்தேன். எழுத்து எல்லோருக்கும் ஒன்றுதானே, பெரியவர்களுக்குத் தனி முறை எதற்கு என்று சிலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் 1970-இல் எழுதிய நூலில், குழந்தைகளுக்குக் கற்பிப்பதையும் பெரியவர்களுக்குக் கற்பிப்பதையும் எதிரெதிராக நிறுத்தினார். 1980-இல் அந்த நூலைத் திருத்தியபோது, சூழலைப் பொறுத்து எந்த முறையையும் எவருக்கும் பயன்படுத்தலாம் என்று தளர்த்திக்கொண்டார். இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் மனத்தில் நிற்கும் என்பது எந்த வயதுக்கும் பொது.

ஆனால், வகுப்புக்கு வரும் மனிதரின் நிலை வேறு. குழந்தையைப் பெற்றோர் அனுப்புகிறார்கள். பெரியவர் நாள் முழுக்க உழைத்துவிட்டுத் தாமாக வருகிறார். பயன் இல்லையென்று தோன்றினால் சொல்லாமல் நின்றுவிடுவார். நம் வகுப்பில் ஓர் அம்மையார் எழுதும்போதெல்லாம் இடது கையால் நோட்டை மறைத்துக்கொள்வார். பேரன் வயதுள்ள ஒருவர் அந்த நோட்டில் சிவப்பு மையால் சுழித்ததும் வருவதை நிறுத்திக்கொண்டார். புதிய முறை தொடங்கிய பிறகு ஆள் அனுப்பி அழைத்தோம். மருந்துப் புட்டியோடு வந்தவர், 'சாப்பாட்டுக்குப் பின்' என்ற வரியைத் தாமே எழுத்துக்கூட்டி வாசித்தார். அன்று நோட்டை மறைக்கவில்லை. பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃபிரேய்ரே 1963-இல் அந்நாட்டின் அங்கிகோஸ் ஊரில் உழைப்பாளிகளுக்கு எழுத்தறிவித்ததும் அவர்கள் அன்றாடம் புழங்கிய சொற்களைக் கொண்டுதான்.

இன்னொன்று. நாற்பதைக் கடந்தவர்கள் பலருக்குப் பொடி எழுத்து சரியாகத் தெரிவதில்லை. மந்தம் என்று நாம் நினைத்த சிலருக்குத் தேவைப்பட்டது பெரிய எழுத்தும் நல்ல வெளிச்சமும் மட்டுமே. இரண்டுக்கும் பணம் வேண்டும்.

இங்கேதான் மனம் கசக்கிறது. பாடம் எடுப்பதாகப் பெயர் கொடுத்த உறுப்பினர்களில் பலர் வகுப்புப் பக்கமே வரவில்லை. ஆசிரியர் வராத நாளில் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், மறுநாளும் வந்துவிடுவார்கள். வேலை முடிந்து வந்த பெரியவர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டால் அடுத்த வாரம் அவரைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. முறையைக் குறை சொன்னவர்கள் ஒரு மாலையாவது வந்து உட்கார்ந்திருக்கலாம். சந்தா நிலுவையும் நிறைய. பெயர்களைப் படிக்கப் போவதில்லை. நினைவூட்டுக் கடிதம் உரியவர்களிடம் இருக்கிறது.

வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல். நன்கொடைகளால் ஈடுகட்டியிருக்கிறோம். விவரத்தைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

தலைவருக்கும் செயற்குழுவினருக்கும் நன்கொடையாளர்களுக்கும் இடம் கொடுத்து உதவியவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இந்த வகுப்பை ஒருவர் கையில் விட்டுவைக்க முடியாது. வாரத்துக்கு ஒரு மாலை தரக்கூடியவர்கள் மூவர் கிடைத்தால் தொடரலாம்; இல்லையேல் நாள்களைக் குறைக்க நேரும். கூட்டம் முடிந்ததும் வாசலருகே பெயர்ப் பதிவேட்டுடன் இருப்பேன். நிலுவைச் சந்தாவையும் அங்கேயே செலுத்தலாம்.

இப்படிக்கு,
செயலாளர்