ஒன்றரை வேகத்தில் படம் பார்த்த தம்பிக்கு

அன்பின் தம்பி,

போன போயா லீவுக்குக் கொட்டாஞ்சேனையில் சின்னம்மா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது நீ சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது. "ராட்சசன் பார்த்தேன் அக்கா, ஒரு பயமும் வரேல்லை. எல்லாரும் சும்மா கூட்டிச் சொல்லுறாங்கள்." எப்படிப் பார்த்தாய் என்று கேட்டேன். கம்பஸுக்குப் போகிற பஸ்ஸில், போனில், ஒன்றரை வேகத்தில், மூன்று நாளாகப் பார்த்தேன் என்றாய். அந்த நேரம் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. உன்னைப் போலவே பார்க்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பதால் எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

நான் விமர்சனம் எழுதுகிற ஆள் இல்லை. சனிக்கிழமை இரவில் வேலை எல்லாம் முடித்துவிட்டு ஒரு படம் பார்க்கிறவள், அவ்வளவுதான். ஆனால் பேய்ப் படம், கொலையாளியைத் தேடுகிற படம் என்றால் சின்ன வயதிலிருந்தே தனிப் பிரியம். அதனால்தான் உன் பேச்சு என்னை விடவில்லை.

திகில் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் ஒரு விளக்கம் சொல்லியிருக்கிறார். மேசைக்குக் கீழே குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் திடீரென்று வெடித்தால், பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை முதலிலேயே நமக்குக் காட்டிவிட்டு, மேசையில் இருப்பவர்களைச் சும்மா ஊர்க்கதை பேசவிட்டால், பதினைந்து நிமிடம் நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். நீ அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பத்து நிமிடமாக்கிவிட்டாய், தம்பி. ராட்சசனில் அந்தப் பரிசுப் பெட்டி வருகிறது, அதற்குள் சிதைந்த பொம்மைத் தலை இருக்கிறது. அதைத் திறப்பதற்கு முன்னால் வருகிற தயக்கம்தான் பயமே. ஜிப்ரானின் இசை அந்தத் தயக்கத்தை அளந்து அளந்து நகர்த்துகிறது. அதை வேகமாக ஓடவிட்டு, அதற்கு மேல் கொண்டக்டர் "கோட்டை, கோட்டை" என்று கூப்பிடுகிற சத்தமும் சேர்ந்தால் என்ன மிஞ்சும்? கதைச் சுருக்கம்தான் மிஞ்சும். (கொலையாளி யார் என்று தெரிந்த பிறகு அந்தப் படம் கொஞ்சம் நீளுகிறது என்பது என் எண்ணமும்தான். அதில் உன்னோடு சண்டை இல்லை.)

இதே ஹிட்ச்காக் 1960இல் சைக்கோ வெளிவந்தபோது, படம் தொடங்கிய பிறகு ஒருவரையும் உள்ளே விடக்கூடாது என்று தியேட்டர்களுக்கு நிபந்தனையே போட்டார். அந்தக் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தாராம். பெர்னார்ட் ஹெர்மன் வயலின்களைக் கிறீச்சிட வைத்து அமைத்துக்கொண்டு வந்த இசையைக் கேட்டபிறகு மனம் மாறினார். சத்தத்தைக் குறைத்துவிட்டு அந்தக் காட்சியைப் பார். ஒரு பெண் குளிக்கிற இடத்தில் கத்தியும் கையும் ஆடுகின்றன, அவ்வளவுதான் தெரியும். பயம் காதால் வருகிறது. 1975இல் வந்த ஜாஸ் படத்திலும் இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் அடிக்கடி பழுதானதால் அதை அதிகம் காட்ட முடியவில்லை. தண்ணீரையும் இரண்டே சுர இசையையும் வைத்து ஸ்பீல்பெர்க் சமாளித்தார். அந்தப் படம் பார்த்த பிறகு கல்கிசைக் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்க எனக்குப் பல நாள் எடுத்தது.

இப்போது என் கதையைச் சொல்கிறேன். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் நிறுத்திய நாட்கள் நினைவிருக்கிறதா? அப்படியொரு இரவில் லப்டொப் பற்றரியை நம்பி 'யாவரும் நலம்' பார்த்தேன். விக்ரம் குமார் எடுத்தது, 2009இல் வந்தது. பதின்மூன்றாம் மாடியில் புது வீட்டுக்குக் குடிவருகிற ஒரு குடும்பம். மாதவன் தனியாக ஏறினால் மட்டும் லிப்ட் நகராது. வீட்டுப் பெண்கள் மத்தியானம் பார்க்கிற டிவி சீரியலில் வருகிற குடும்பத்துக்கு நடப்பதெல்லாம் இவர்களுக்கும் நடக்கத் தொடங்கும். பாழடைந்த பங்களாவும் இல்லை, வெள்ளைச் சேலையும் இல்லை. நம்முடைய அம்மாமார் பார்க்கிற சீரியலுக்குள் பயத்தை வைத்துவிட்டார்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஐந்தாம் மாடி. கரண்ட் இல்லாததால் லிப்ட் நின்றுபோய், கட்டடமே மூச்சு விடாமல் இருந்தது. கீழே கடலோரம் கடைசி ரயில் போய் நெடுநேரம். படத்தின் நடுவில் திடீரென்று கரண்ட் வந்தது. வெளியே லிப்ட் ஒரு முனகலோடு தானாக உயிர் பெற்றது. நான் எழுந்து போய்க் கதவுப் பூட்டை இரண்டு முறை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அந்த ஒரு நிமிடத்தை எந்த போனும் எனக்குத் தந்திருக்காது.

பேய்ச் சிரிப்புப் படங்களும் எனக்குப் பிடிக்கும். காஞ்சனாவில் சரத்குமார் வருகிற பகுதியில் அழுதிருக்கிறேன். ஆனால் அவை வேறு வகை. அவற்றை வீடு நிறைய ஆட்களோடு கச்சான் கொறித்துக்கொண்டு பார்க்கலாம்.

அம்மம்மாவுக்குப் பிடித்தது 'அந்த நாள்'. 1954இல் வீணை எஸ்.பாலசந்தர் இயக்கியது, ஒரு பாட்டுக்கூட இல்லாத தமிழ்ப் படம். ஜப்பான்காரன் குண்டு போட்ட மறுநாள் சென்னையில் ஒரு ரேடியோ எஞ்சினியர் சுடப்பட்டுக் கிடப்பார். கொழும்பிலும் 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. அந்தத் தலைமுறையின் காதுக்கு அந்தப் படத்தின் முதல் வெடிச்சத்தம் வேறு மாதிரிக் கேட்டிருக்கும். அம்மம்மா அந்த இடத்தில் மட்டும் ஒன்றும் பேசமாட்டா.

சரி. வருகிற சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வா. யாவரும் நலம் பார்ப்போம். போனை ஹோலில் வைத்துவிடு, லைட்டை நான் நிறுத்துகிறேன், இடையில் பிளேன்டீக்குக்கூட எழும்ப வேண்டாம். அதற்குப் பிறகும் பயம் வரவில்லை என்றால் நான் ஒத்துக்கொள்கிறேன். படம் முடிய இரவாகிவிடும். லிப்டில் கீழே கேற் வரைக்கும் நானும் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா
வெள்ளவத்தை