தேரூர் குளத்தை வரைய வா

நாகர்கோவில்

அன்புள்ள தாஸ்,

நலம்தானே? மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்; தூரிகை பிடித்து நாளாயிற்று என்ற பழைய பல்லவி இம்முறை செல்லாது.

எங்கள் நூலகத்தின் பின்னறையில் தேரூர் குளத்தை ஒரு டயோரமாவாக, அதாவது வரைந்த பின்னணிக்கு முன்னால் உருவங்களை வைத்து இயற்கையை அப்படியே காட்டும் காட்சியாக, அமைக்கலாம் என்றேன். பறவைப் படங்களைச் சட்டம் போட்டு மாட்டினால் போதாதா என்று நம் கணக்கு வாத்தியார் கேட்டார். போதாது. 1890-இல் அமெரிக்காவின் மில்வாக்கி அருங்காட்சியகத்துக்கு, விலங்குகளைப் பாடம் செய்யும் கலைஞர் கார்ல் ஏக்லி அமைத்த மஸ்க்ரட் காட்சியில், நீர்நிலையையே குறுக்காக வெட்டியதுபோல், தண்ணீருக்கு மேலும் கீழும் அந்தக் கொறிவிலங்குகள் வாழும் விதம் ஒரே கண்ணாடிக்குப் பின்னால் தெரிகிறது. நம் குளத்தையும் அப்படிக் காட்டினால், மேலே தாமரை இலையில் நீண்ட விரல்களைப் பரப்பி நடக்கும் நீளவால் இலைக்கோழி, கீழே அதே தாமரையின் தண்டுகளுக்கிடையே மீனைத் துரத்தும் முக்குளிப்பான் என்று, கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் காணாத பாதி கண்முன் வரும்.

கடினமான பங்கு உன்னுடையது. பின்சுவரில் மூலையே இருக்கக் கூடாது. அரைவட்டமாக வளைந்திருந்தால்தான் கண் எங்கும் முட்டாமல் தொலைவை நம்பும். ஆனால் அந்த வளைவில் நேராக வரைந்த குளக்கரை, பார்ப்பவருக்குக் கோணலாகத் தெரியும். நியூயார்க் அருங்காட்சியகத்தின் பின்னணி ஓவியர் ஜேம்ஸ் பெர்ரி வில்சன் கட்டடக்கலை படித்தவர். புகைப்படத்தின் மேல் ஒரு கட்டமும், சுவரில் வளைவுக்கேற்பத் திருத்திய இன்னொரு கட்டமும் போட்டு அதைச் சரிசெய்தார். உன் கணக்கு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். வாத்தியாரைத் துணைக்கு வைத்துக்கொள்.

ஒன்றில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். ஏக்லி 1921-இல் காட்சிக்காக மலைக் கொரில்லாக்களைச் சுட்டார். பிறகு அவரே அவற்றின் பாதுகாப்புக்காக வாதாடினார். அதன் பலனாக 1925-இல் ஆப்பிரிக்காவின் காங்கோவில் ஆல்பர்ட் தேசியப் பூங்கா அமைந்தது. மறு ஆண்டு அந்தக் கொரில்லாக்களின் மலையிலேயே இறந்து, அங்கேயே அடக்கமானார். அந்தக் காட்சியின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. நமக்காக ஓர் உயிரும் போக வேண்டாம். பறவைகளை மரத்தில் செதுக்குவோம், இலைகளை மெழுகில் வார்ப்போம்.

சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றும், இங்கே வரும் பிள்ளைகளில் பலர் அதைப் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மார்கழிக்குள் வந்துவிடு, வலசைப் பறவைகளும் இருக்கும், தாடகை மலையையும் நேரில் பார்த்து வரையலாம். பளபளப்பில்லாத வண்ணங்களாகப் பார்த்து வாங்கு. விளக்கொளியில் மின்னினால் வானம் வெறும் சுவராகிவிடும். செலவு என் பொறுப்பு.

அன்புடன்,
மணி