நாணயத்தோடு வந்த அண்ணனுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

நாளைக் காலை, காற்று எழுவதற்கு முன், எங்கள் பாய்மரம் மறுபடி படகில் ஏறுகிறது. இதை எழுதும்போது கை இன்னும் நடுங்குகிறது. சந்தோஷத்தில்தான். அன்று கிரேனின் கீழ் என்ன நடந்தது என்று துறையில் எல்லோருக்கும் தெரியும், சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவர்களே நீங்கள்தான். கிரேனில் தொங்கிய மரம் காற்றில் ஆடி, தாங்குகட்டையில் மோதியது. அதற்குமேல் விரித்துச் சொல்லப் போவதில்லை. யாருக்கும் அடிபடவில்லை, அது போதும்.

மரம் மோதிய சத்தத்தைவிட, அடுத்த மூன்று நாள் காதில் விழுந்த பேச்சுதான் எங்களை உடைத்தது. மரம் நடுவில் பிளந்துவிட்டது என்றார்கள். எடையைக் குறைக்க மரத்தின் சுவரை மெலிதாகச் செய்திருந்தார்களாம் என்றார்கள். பந்தயத்திலிருந்து விலகிவிட்டோம் என்று யாரோ கிளப்பிவிட, எங்களிடமே வந்து துக்கம் விசாரித்தார்கள். கடைசியில் எல்லாப் பேச்சும் எங்கள் குழுவில் இளையவன் தலையில் வந்து இறங்கியது. கிரேன் மரத்தைத் தூக்கும் பெல்ட்டை அவன்தான் கட்டினான், இடம் தவறிக் கட்டிவிட்டான் என்று. அவன் கட்டியது எடைமையத்துக்கு மேலே, கம்பிகளை மரத்திலிருந்து தள்ளிப் பிடிக்கும் குறுக்குக்கையான ஸ்பிரெடருக்குக் கீழே, எங்கே கட்ட வேண்டுமோ அங்கேதான். சரிபார்த்தவன் நான். எத்தனை பேரிடம் சொன்னேன், ஒருவரும் காதில் வாங்கவில்லை. அவன் படகுப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டான்.

கார்பன் இழையை அடுக்கடுக்காகப் போட்டுச் செய்த மரத்தோடு பழகியவர்களுக்கு, பேச்சு ஏன் இவ்வளவு வேகமாகப் பரவியது என்று புரியும். அலுமினிய மரம் அடிபட்டால் பள்ளம் விழும், நெளியும், கண்ணால் பார்த்துவிடலாம். கார்பன் அப்படி இல்லை. வெளியே துளி பெயின்ட் மட்டும் பெயர்ந்திருக்கும், உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கும். ஒன்றுமே ஆகாமலும் இருக்கலாம். அல்ட்ராசவுண்ட் கருவி வந்தால்தான் உறுதியாகத் தெரியும், அது வர இன்னும் சில நாள் ஆகும் என்றார்கள். அதுவரை யார் என்ன சொன்னாலும் எங்களிடம் பதில் இல்லை.

மூன்றாம் நாள் இரவு ஒருவர் வந்தார். இனி அவரிடமே பேசுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, நீங்கள் எங்கள் குழு இல்லை. நாங்கள் முந்தப் பார்க்கும் படகில் மரத்தையும் கம்பிகளையும் பார்த்துக்கொள்ளும் ரிக்கர். எங்கள் மரம் ஏறாமல் போனால் உங்களுக்கு ஒரு போட்டி குறைவு. நீங்களோ உங்கள் வேலையை முடித்துவிட்டு, தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, ஒரு சுருள் மாஸ்கிங் டேப்போடு கொட்டகை வாசலில் வந்து நின்றீர்கள். மரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "தம்பி எங்கே?" என்றுதான் கேட்டீர்கள்.

அவனுக்கு நீங்களே போன் போட்டு வரவழைத்தீர்கள். சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து அவன் கையில் வைத்து, "நீ தட்டு, நான் கேட்கிறேன்" என்றீர்கள்.

அடியிலிருந்து ஆரம்பித்தீர்கள். இரண்டு விரல் இடைவெளி விட்டு ஒவ்வொரு தட்டு. உள்ளே அடுக்கு பிரிந்திருந்தால் ஒலி மாறும். டிக், டிக், டிக் என்று கூர்மையாக ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தது. முதல் ஸ்பிரெடர் பக்கம் போனதும் ஒலி மாறியது. அவன் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த விளக்கு வெளிச்சத்தில் அவன் முகத்தை நான் பார்த்தேன். நீங்கள் பதறவில்லை. "எதிர்ப்பக்கம் அதே உயரத்தில் தட்டு" என்றீர்கள். அங்கேயும் அதே ஒலி. "ஸ்பிரெடர் உட்காருகிற இடம் இல்லையா, உள்ளே அடுக்கைக் கனமாகப் போட்டிருப்பார்கள். ரெண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் அது மரத்தைச் செய்தவன் வேலை. ஒரு பக்கம் மட்டும் மாறினால்தான் யோசிக்கணும்." அவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

ஒரு பக்கம் மட்டும் மாறிய இடம் மரம் முழுக்க ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. உள்ளங்கை அளவு. தாங்குகட்டையில் மோதிய இடம், பெல்ட் இருந்த இடத்திலிருந்து நான்கு மீட்டர் தள்ளி. அதைச் சுற்றி டேப் ஒட்டி, தேதி எழுதி, அவனையே கையெழுத்துப் போட வைத்தீர்கள். "நாணயம் சொல்வது முதல் பேச்சுதான், கருவி வந்து சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு விடிகிற நேரத்தில் போனீர்கள். அன்று காலை கொட்டகைக்குள் எட்டிப் பார்த்த ஒவ்வொருவருக்கும் டேப்பைக் காட்டி விளக்கியது அவன்தான். மத்தியானத்துக்குள் பேச்சு அடங்கிவிட்டது. பிறகு வந்த கருவியும் அதே இடத்தைத்தான் காட்டியது, வேறு எங்கும் இல்லை.

மற்ற எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய நன்றி. சொன்ன நாளுக்கு முன்பே கருவியோடு வந்தவருக்கு, பிரிந்த அடுக்குகளைச் சரிவாகத் தேய்த்தெடுத்துப் புதிய கார்பன் அடுக்கி வெற்றிடப் பை போட்டு விடிய விடியச் சூடு பார்த்தவர்களுக்கு, கொட்டகையைக் கொடுத்தவர்களுக்கு, மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் ஷ்ரவுட் கம்பிகள் மடங்காமல் தோளில் தாங்கி நடந்தவர்களுக்கு, அன்று அந்தக் காற்றில் நிதானம் இழக்காமல் மரத்தைத் தரையில் இறக்கிய கிரேன் அண்ணனுக்கு.

2018 செப்டம்பரில் தெற்கு இந்தியப் பெருங்கடல் புயலில் தனியாக உலகைச் சுற்றும் பந்தயத்தில் இருந்த நம் இந்திய மாலுமி அபிலாஷ் டோமியின் படகு கவிழ்ந்து எழுந்தது நினைவிருக்கும். பாய்மரம் போய், முதுகில் அடிபட்டு, எழ முடியாமல் கிடந்தார். அதே புயலில் அதே பந்தயத்தில் இருந்த அயர்லாந்துக்காரர் கிரெகர் மெக்கக்கினின் மரங்களும் போயின. அவர் கையில் கிடைத்ததைக் கட்டி ஒரு தற்காலிக மரம் நிறுத்தி, டோமி இருந்த திசைக்கே படகைத் திருப்பினார். பிறகு பிரெஞ்சுக் கப்பல் ஒசிரிஸ் இருவரையும் மீட்டது. நீங்கள் போன பிறகு கொட்டகையில் உட்கார்ந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அண்ணா.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். போன பருவத்தில் வேறொரு படகின் மரத்தைப் பற்றி, பார்க்காமலே, நானும் பேசியிருக்கிறேன். அந்தக் குழுவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இனி கண்ணால் பார்க்காத மரத்தைப் பற்றி என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. யாருக்கு மரம் தட்டிப் பார்க்க வேண்டுமென்றாலும், எந்த நேரமானாலும், நானும் தம்பியும் வருவோம்.

அப்புறம், உங்கள் நாணயத்தை நீங்கள் அவனிடமே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். பாய்மரத்தின் அடியில் நாணயம் வைப்பது பழைய வழக்கம். லண்டனில் தேம்ஸ் ஆற்றில் 1962-ல் கண்டெடுத்த ரோமானியக் கப்பலின் பாய்மரக் குழியில்கூட ரோமப் பேரரசர் டொமிஷியன் காலத்து நாணயம் ஒன்று இருந்தது. எங்கள் மரத்தின் அடியில் உங்களுடையதுதான் இருக்க வேண்டும் என்று தம்பி துடைத்து எடுத்து வைத்திருக்கிறான். அவன் வைக்க மாட்டானாம், நீங்கள்தான் வைக்க வேண்டுமாம்.

கிரேன் ஐந்தரை மணிக்கு வருகிறது. வந்துவிடுங்கள், அண்ணா.