சோரியாசிஸ் மூட்டழற்சி: இதயத்தை யார் கவனிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூட்டுவலி குறித்து நாளிதழ்களில் வெளிவரும் மருத்துவக் கட்டுரைகள் பெரும்பாலும் வயதால் வரும் தேய்மானத்தோடும் முடக்குவாதத்தோடும் நின்றுவிடுகின்றன. சோரியாசிஸ் என்னும் தோல்நோய் உள்ளவர்களுக்கு வரும் மூட்டழற்சியைப் பற்றி எழுதப்படுவது குறைவு. அந்த அழற்சி இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் பாதிக்கக்கூடும் என்பதோ அதனினும் குறைவாகவே பேசப்படுகிறது. பல ஆண்டுகளாக இந்த மூட்டழற்சியோடும், பின்னர் வந்து சேர்ந்த இதய நோயோடும் வாழ்ந்து வருபவன் என்ற முறையில் சில செய்திகளைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

சோரியாசிஸ் உள்ளவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் வரை இந்த மூட்டழற்சிக்கு ஆளாகலாம். பெரும்பாலோருக்குத் தோலில் செதில் செதிலாகப் படை தோன்றிச் சில ஆண்டுகள் கழித்தே மூட்டுகள் பாதிக்கப்படுகின்றன. சிலருக்கு மூட்டுவலி முந்திக்கொள்ளும், படையோ உச்சந்தலையிலோ தொப்புளிலோ சிறு திட்டாக மறைந்திருக்கும். ஒரே ஒரு விரல் அடிமுதல் நுனிவரை முழுதாக வீங்கி மடக்க முடியாமல் போவது, நகங்களில் குண்டூசியால் குத்தியதுபோல் குழிகள் விழுவது, காலையில் எழுந்து தரையில் கால் ஊன்றும்போது குதிகாலில் வலிப்பது, அரை மணி நேரம் கடந்தும் விலகாத காலை நேர இறுக்கம் ஆகியவை இந்நோயை நினைவூட்ட வேண்டிய அடையாளங்கள். முடக்குவாதத்தைக் கண்டறிய உதவும் ருமடாய்டு ஃபேக்டர் ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் நெகட்டிவ் என்றே வரும், அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகள்கூடப் பலருக்கு இயல்பாகவே இருக்கும். அந்தத் தாளை மட்டும் பார்த்து, "உங்களுக்கு வாதம் எதுவும் இல்லை" என்று அனுப்பிவிடும்போது சிகிச்சை தள்ளிப்போகிறது. அதற்குள் மூட்டின் எலும்பு அரிக்கப்படத் தொடங்கிவிடுகிறது.

இது வெறும் தோல்நோயும் மூட்டுநோயும் அன்று. உடலின் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்குவதால் எழும் அழற்சி, ரத்தத்தின் வழியே உடல் முழுவதும் பரவுகிறது. தோலையும் மூட்டையும் வீங்க வைக்கும் அதே வேதிப்பொருள்கள் ரத்தக் குழாய்களின் உட்சுவரையும் புண்படுத்தி, அங்கே கொழுப்புப் படிவதை விரைவுபடுத்துகின்றன. இதனோடு உடல் பருமன், உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவையும் இந்நோயாளிகளிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. வலியால் நடமாட்டம் குறைவது இவற்றை மேலும் வளர்க்கிறது. பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2017இல் வெளியிடப்பட்ட பகுப்பாய்வு ஒன்று, சோரியாசிஸ் மூட்டழற்சி உள்ளவர்களுக்கு இதய ரத்தக்குழாய் நோய்கள் வரும் அபாயம் மற்றவர்களைவிட 43 சதவீதம் அதிகம் என்று கண்டது. அதற்கு முன்பே, 2006இல் வெளியான பிரிட்டன் நோயாளிகளைப் பற்றிய ஆய்வு, கடுமையான சோரியாசிஸ் உள்ள 30 வயதுக்காரருக்கு மாரடைப்பு அபாயம் அந்நோய் இல்லாத அதே வயதினரைவிட ஏறத்தாழ 3 மடங்கு என்று காட்டியது. "சின்ன வயதுதானே" என்ற ஆறுதல் இவர்களுக்குப் பொருந்தாது.

இவ்வளவும் தெரிந்திருந்தும், நடைமுறையில் நோயாளியின் இதயத்துக்குப் பொறுப்பேற்பவர் யார் என்பது தெளிவாக இல்லை. என் அனுபவத்தில், தோல் மருத்துவர் படையைப் பார்த்தார். மூட்டு மருத்துவர் வீங்கிய மூட்டுகளை எண்ணிக் குறித்துக்கொண்டார். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று நான் சொன்னதற்கு, மூட்டுவலியால் உடற்பயிற்சி இல்லாமல் போனதே காரணம் என்று விளக்கம் கிடைத்தது. ஒவ்வொருவரும் தம் துறையில் அக்கறையோடுதான் கவனித்தார்கள். துறைகளுக்கு நடுவே இருந்த இதயந்தான் விடுபட்டுப்போனது. பத்து ஆண்டுகளில் மாரடைப்பு வரும் வாய்ப்பைக் கணக்கிடும் கருவிகளும் இதற்கு முழுத் தீர்வாகவில்லை. பிரிட்டனில் 2017இல் வந்த கியூரிஸ்க்-3 என்னும் கணிப்பான் முடக்குவாதம் உண்டா என்று கேட்கிறது. சோரியாசிஸ் மூட்டழற்சியைக் கேட்பதில்லை. எனவே அதில் வரும் எண் நம்மைப் போன்றவர்களின் அபாயத்தைக் குறைத்தே காட்டக்கூடும். அமெரிக்க இதய அமைப்புகள் 2018இல் வெளியிட்ட கொலஸ்ட்ரால் வழிகாட்டி, சோரியாசிஸ் போன்ற நாள்பட்ட அழற்சி நோய்களை அபாயத்தைக் கூட்டும் காரணிகளாகச் சேர்த்தது. ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் கூட்டமைப்பின் பரிந்துரை இன்னும் தெளிவானது: இந்நோயாளிகளின் இதய அபாயத்தைக் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மதிப்பிட வேண்டும், அது நடப்பதை உறுதிசெய்யும் பொறுப்பு மூட்டுநோய்க்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவருடையது. இந்தக் கடைசி வாக்கியம் எல்லா மருத்துவமனைகளிலும் நடைமுறைக்கு வர வேண்டும் என்பதே நான் இக்கடிதத்தை எழுதுவதற்கான முதன்மைக் காரணம்.

இரண்டு நோய்களும் ஒருவருக்கே இருக்கும்போது மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதையும் சொல்லியாக வேண்டும். மூட்டுவலிக்குப் பலரும் தாமாகவே வாங்கிச் சாப்பிடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் ரத்த அழுத்தத்தைக் கூட்டும். உடலில் நீர் தங்கச் செய்து, இதயச் செயலிழப்பு (இதயம் போதிய ரத்தத்தை இறைக்க முடியாத நிலை) உள்ளவர்களின் நிலையை மோசமாக்கும். மாரடைப்பு அபாயத்தையும் உயர்த்தும். இதயத்துக்காகக் குறைந்த அளவில் எடுத்துக்கொள்ளும் ஆஸ்பிரினின் பலனை ஐபுப்ரோஃபென் தடுத்துவிடலாம். மறுபக்கம், இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் தணிக்க இதய மருத்துவர்கள் வழக்கமாக எழுதிக்கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகள் சிலருக்குச் சோரியாசிஸைக் கிளறிவிடுகின்றன. அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்னும் புரதத்தைத் தடுத்து மூட்டழற்சிக்கு மிகுந்த பலன் தரும் ஊசிகள், இதயச் செயலிழப்பு முற்றியவர்களுக்குப் போடத் தகாதவை. ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். அதைச் சட்டென்று நிறுத்தினால் படை சீறி எழும் அபாயம் உண்டு. இவற்றைப் படித்துவிட்டு எவரும் தாமாக எந்த மருந்தையும் நிறுத்திவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். அழற்சியைக் கட்டுக்குள் வைத்திருப்பதும் இதயத்துக்கு நல்லதே. எல்லா மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய ஒரே பட்டியலை ஒவ்வொரு மருத்துவரிடமும் நீட்டுவதுதான் நோயாளியால் செய்யக்கூடியது. நான் அப்படிச் செய்யத் தொடங்கிய பிறகே, மூட்டுக்கும் இதயத்துக்கும் எழுதப்பட்ட மருந்துகளை ஒருவர் சேர்த்துப் பார்த்துச் சிலவற்றை மாற்றினார்.

நெஞ்சுவலியைப் பற்றியும் ஒரு சொல். விலா எலும்புகள் மார்பெலும்போடு சேரும் இடங்களிலும் இந்த அழற்சி வருவதுண்டு. விரலால் அழுத்தினால் அந்த இடம் வலிக்கும். தும்மினாலோ புரண்டு படுத்தாலோ கூடும். இதற்குப் பழகிவிட்ட ஒருவர், உண்மையான இதய வலி வரும் நாளிலும் இது வழக்கமான மூட்டுவலிதான் என்று பொறுத்துக்கொண்டு படுத்திருக்கும் ஆபத்து இருக்கிறது. நெஞ்சில் பாரம் வைத்தாற்போன்ற அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், அது மூட்டா இதயமா என்பதை வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்கக் கூடாது. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்று இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும்.

புகைப்பதை விடுவதும், எடையைக் குறைப்பதும், வீக்கம் தணிந்த நாட்களில் நடையோ நீச்சலோ பழகுவதும் மூட்டுக்கும் இதயத்துக்கும் சேர்ந்தே பயன் தருகின்றன. ஆனால், மாத்திரை டப்பாவின் மூடியைத் திறக்கவே மற்றவரின் கையை எதிர்பார்க்கும் ஒருவரிடம் "தினமும் வேகமாக நடங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது அறிவுரை ஆகாது. எந்த மூட்டுக்கு எவ்வளவு அசைவு தாங்கும் என்று அருகிலிருந்து கற்றுத்தரும் இயன்முறை மருத்துவர் சிகிச்சைக் குழுவில் இருந்தாக வேண்டும்.

தோல் மருத்துவர்களும் மூட்டு மருத்துவர்களும் ஒவ்வொரு சோரியாசிஸ் நோயாளிக்கும் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றைப் பார்த்துக் கோப்பில் குறித்துவைக்க வேண்டும். தேவைப்படுவோரை இதய மருத்துவரிடம் கடிதத்தோடு அனுப்ப வேண்டும். தங்கள் நாளிதழும் உலக சோரியாசிஸ் தினமான அக்டோபர் 29ஐ ஒட்டி, தோல், மூட்டு, இதயம் ஆகிய மூன்று துறை மருத்துவர்களும் ஒரே பக்கத்தில் வாசகர்களின் கேள்விகளுக்கு விடையளிக்க ஏற்பாடு செய்யுமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்