கோல்மான்ஸ்கோப்பில் படமெடுக்கும் பயணக் காணொளி நண்பர்களுக்கு

வணக்கம்.

நமீபியப் பாலைவனத்தில் இருக்கும் பழைய வைரச் சுரங்க ஊரான கோல்மான்ஸ்கோப் பற்றித் தமிழில் வரும் காணொளிகளை விடாமல் பார்க்கும் ஆள் நான். கதவின் பாதி உயரத்துக்கு மணல் ஏறிய அறை, சாயம் உரிந்த சுவரில் விழும் வெயில், கூடவே திகில் இசை. 'ஒரே இரவில் மக்கள் மாயமான பேய் நகரம்' என்று தலைப்பு. படங்கள் அருமையாகத்தான் இருக்கின்றன. கதையில்தான் எனக்குச் சண்டை.

அங்கே யாரும் ஒரே இரவில் மாயமாகவில்லை. 1928-ல் தெற்கே, ஆரஞ்சு ஆறு கடலில் சேரும் பகுதியில், இதைவிட வளமான வைரப் படிவுகள் கிடைத்தன. கம்பெனியின் கவனம் அந்தப் பக்கம் திரும்பியது. 1936-ல் ஒரான்யமுண்ட் என்ற புது ஊர் எழுந்தது. கோல்மான்ஸ்கோப் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகி, கடைசியில் இருந்தவர்கள் 1956-ல் கிளம்பினார்கள். ஏறக்குறைய முப்பது வருடம் இழுத்த காரியம் இது. லாப நட்டம் பார்த்துக் கைவிட்ட சுரங்க ஊர், அவ்வளவுதான். பேய்க்கு இதில் வேலையே இல்லை.

சரி, ஊர் எப்படி வந்தது? 1908 ஏப்ரலில் சகரியாஸ் லெவாலா என்ற தொழிலாளி தண்டவாளத்தில் சேர்ந்த மணலை அள்ளிக்கொண்டிருந்தார். மினுங்கிய கல் ஒன்று கண்ணில் பட்டது. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்பதால் பார்த்ததுமே புரிந்துவிட்டது. கல்லை மேற்பார்வையாளர் ஆகஸ்ட் ஷ்டௌக்கிடம் கொடுத்தார். ஷ்டௌக் சத்தமில்லாமல் நிலத்துக்கு உரிமம் வாங்கிப் பெரும் பணக்காரர் ஆனார். லெவாலாவுக்கு வெகுமதி கிடைத்ததாகப் பதிவு எதுவும் இல்லை. உங்களில் சிலர் லெவாலாவைச் சொல்கிறீர்கள், அதற்கு நன்றி. பலர் 'ஒரு ஜெர்மானியர் வைரம் கண்டுபிடித்தார்' என்று முடித்துவிடுகிறீர்கள்.

லெவாலா மணல் அள்ளிய தண்டவாளத்தைப் போட்டது யார் என்பதை மட்டும் நான் பார்த்த ஒரு காணொளியும் சொல்லவில்லை. இந்த மடலை எழுத வைத்ததே அதுதான்.

அன்று நமீபியா ஜெர்மனியின் காலனி; பெயர் ஜெர்மன் தென்மேற்கு ஆப்பிரிக்கா. 1904-ல் ஹெரேரோ மக்களும் அப்புறம் நாமா மக்களும் காலனி ஆட்சியை எதிர்த்து எழுந்தார்கள். அந்த வருடம் அக்டோபரில் தளபதி லோதர் ஃபொன் ட்ரோத்தா, எல்லைக்குள் காணப்படும் ஹெரேரோ எவரையும் சுடலாம் என்று ஆணையிட்டார். தப்பிப் பிழைத்தவர்களை முகாம்களில் அடைத்தார்கள். அவற்றில் மிகக் கொடியது ஷார்க் தீவு. அது லூடரிட்ஸ் துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது. கோல்மான்ஸ்கோப்பிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர்தான். குளிர்ந்த கடற்காற்றிலும் பட்டினியிலும் நோயிலும் பெண்களும் குழந்தைகளும் உட்பட ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். இறந்தவர்களின் மண்டையோடுகள் 'ஆராய்ச்சி'க்காக ஜெர்மனிக்குப் போயின.

லூடரிட்ஸிலிருந்து உள்நாட்டுக்குப் போகும் ரயில் பாதையைப் போட முகாம் கைதிகளைத்தான் பயன்படுத்தினார்கள். 1906 ஜனவரி முதல் 1907 ஜூன் வரை அந்த வேலைக்கு அனுப்பப்பட்ட 2,014 பேரில் 1,359 பேர் இறந்தார்கள். ஜெர்மானியர்களே எழுதி வைத்த கணக்கு இது. மூன்றில் இரண்டு பங்கு ஆட்கள்! அதற்கு அடுத்த வருடம்தான் அதே பாதையில் லெவாலாவுக்கு அந்தக் கல் கிடைத்தது. இந்தப் பாதை இல்லாமல் கோல்மான்ஸ்கோப் இல்லை.

பனிக்கட்டி ஆலை, பந்துருட்டு விளையாட்டுக் கூடம், எக்ஸ்ரே கருவி வைத்த மருத்துவமனை, சின்ன டிராம் வண்டி என்று நீங்கள் வியந்து காட்டும் வசதிகள் எல்லாம் உண்மைதான். அவற்றை அனுபவித்தவர்கள் சில நூறு ஜெர்மானியர்கள். வடக்கிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த ஓவாம்போ தொழிலாளர்கள் அவர்களைவிட அதிகம். அவர்கள் இருந்தது காவல் போட்ட தனிக் குடியிருப்பில். ஆரம்பத்தில் வைரம் மணலின் மேலேயே கிடந்ததால், வரிசையாக மண்டியிட்டு ஊர்ந்தபடி பொறுக்க வைத்தார்கள். அந்தக் காட்சியின் பழைய புகைப்படங்கள் இருக்கின்றன. நீங்கள் தவறாமல் படமெடுக்கும் வீடுகளோ மேலாளர் வீடு, மருத்துவர் வீடு, ஆசிரியர் வீடு.

சிலியின் அட்டகாமா பாலைவனத்துக்குப் போகிறவர்களும் இதையேதான் செய்கிறீர்கள். ஹம்பர்ஸ்டோன் என்ற கைவிட்ட வெடியுப்புச் சுரங்க ஊரின் நாடக அரங்கையும் நீச்சல் குளத்தையும் காட்டுகிறீர்கள். அந்த வெடியுப்பு ஊர்களில் கூலியைக் காசாகத் தராமல், கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும் வில்லைகளாகக் கொடுத்தார்கள். அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்து இகிகே நகருக்கு வந்தவர்களை, 1907 டிசம்பர் 21 அன்று சாந்தா மரியா பள்ளியில் வைத்து ராணுவம் சுட்டுத் தள்ளியது. அரங்கைக் காட்டும்போது இதற்கு ஒரு நிமிடம் ஒதுக்கக் கூடாதா?

திகில் இசை போட்டால்தான் ஜனம் பார்க்கும் என்பீர்கள். இருக்கலாம். ஆனால் மேலே சொன்ன ரயில் பாதைக் கணக்கைவிட எந்தப் பேய்க் கதை பயங்கரம்?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அதிகாலை வெளிச்சத்துக்காகத் தனி அனுமதிச் சீட்டு வாங்கிப் போகிறீர்கள். படமெடுத்து முடித்ததும் அப்படியே லூடரிட்ஸுக்கு வண்டியைத் திருப்புங்கள். ஷார்க் தீவில், அந்த முகாமில் 1907-ல் இறந்த நாமா தலைவர் கொர்னேலியுஸ் ஃபிரெடெரிக்ஸின் நினைவுக்கல் இருக்கிறது. அதே இடத்தைப் பல வருடங்களாகச் சுற்றுலாப் பயணிகள் கூடாரமடித்துத் தங்கும் இடமாக வைத்திருந்தார்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். நடந்தது இனப்படுகொலை என்று ஜெர்மனி 2021-ல்தான் ஒப்புக்கொண்டது. இழப்பீட்டைப் பற்றிய வாக்குவாதம் அதோடு முடியவில்லை. பேசுவதற்கு விஷயம் நிறைய இருக்கிறது.

ஏற்கெனவே போட்ட காணொளிகளை நீக்க வேண்டாம். தலைப்பை மாற்றி, கீழே விவரக் குறிப்பில் லெவாலாவின் பெயரையும் ரயில் பாதையின் கதையையும் சேர்த்தால் போதும். பத்து நிமிட வேலை.

அன்புடன்,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவன்